பட்டனை அழுத்தினால் ஒன்றும் வரவில்லையா? பதறாமல் வரிசையாகப் பாருங்கள்

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில், சமுதாயக் கூடத்தில் சி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு இதழில் வெளியிடுகிறோம்.)



செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, "தண்ணீர் மீட்டர், கார் பார்க்கிங், இந்த இரண்டைத் தவிர வேறு எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள் சார்" என்றார். அதனால் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

கடையில் பெட்டியோடு வாங்கி வருகிற கம்ப்யூட்டரைச் சொல்லவில்லை. பாகம் பாகமாக வாங்கி, வீட்டுக் கூடத்தில் பாயை விரித்து, நாமே கோக்கிற கம்ப்யூட்டரைச் சொல்கிறேன். கடந்த இரண்டு கோடை விடுமுறைகளில் நம் வளாகத்தில் எனக்குத் தெரிந்து நான்கு வீட்டுப் பிள்ளைகள் இப்படிக் கோத்திருக்கிறார்கள். நான்கில் மூன்று முதல் தடவை கிளம்பவில்லை. மூன்று வீட்டிலிருந்தும் எனக்கு போன் வந்தது இரவு பத்து மணிக்கு மேல். மூன்றிலும் ஒரு பாகம்கூடக் கெட்டுப்போயிருக்கவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இன்றைக்குப் பேசவே ஒப்புக்கொண்டேன்.

ஒரு வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன், அப்பா மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். மகள் கல்லூரி இரண்டாம் ஆண்டு. டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம், பாட்டி கொடுத்த பணம், மீதி அப்பா. மொத்தம் எழுபதாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். ரிச்சி தெருவுக்கு மூன்று தடவை போய், விலை விசாரித்து, பில்லோடு வாங்கி வந்து, ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து கோத்தாள். ராத்திரி பட்டனை அழுத்தினாள். ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கருப்பாகவே இருந்தது. நான் போனபோது பாகங்களைக் கழற்றி அட்டைப்பெட்டிகளில் திரும்ப வைக்க ஆரம்பித்திருந்தார்கள். "எழுபதாயிரம் கரியாப் போச்சு" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. அங்கே என்ன கோளாறு என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் பெயர்களைச் சரி செய்துகொள்வோம். நாம் பெட்டி முழுவதையும் "சிபியு" என்கிறோம். அந்தப் பெட்டிக்குப் பெயர் கேபினெட். சிபியு என்பது உள்ளே இருக்கும் பிராசஸர் மட்டும். அது உட்காரும் பெரிய பலகை மதர்போர்டு. மின்சாரம் தரும் இரும்புப் பெட்டியைக் கடைகளில் எஸ்எம்பிஎஸ் என்பார்கள். நீளக் குச்சி போல் நிற்பது ராம். இவை தெரிந்தால் போதும்.

பட்டனை அழுத்தினால் என்ன நடக்கிறது?

இது புரிந்துவிட்டால் எதை முதலில் பார்ப்பது, எதை அப்புறம் பார்ப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

சுவரிலிருந்து 230 வோல்ட் எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போகிறது. அது அதை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றுகிறது. பின்பக்கத்துச் சின்ன சுவிட்சைப் போட்டதுமே, கம்ப்யூட்டர் தூங்கும்போதுகூட, மதர்போர்டுக்கு 5 வோல்ட் மட்டும் போய்க்கொண்டிருக்கும். வீட்டில் எல்லாரும் தூங்கினாலும் வாட்ச்மேன் விழித்திருப்பது போல.

முன்பக்கத்துப் பட்டன் நம் டியூப்லைட் சுவிட்ச் போன்றதில்லை, காலிங் பெல் போன்றது. இரண்டு கம்பிகளை ஒரு நொடி தொட வைக்கிறது, அவ்வளவுதான். பெல் அடித்ததும் மதர்போர்டு எஸ்எம்பிஎஸ்ஸிடம் "முழு மின்சாரமும் கொடு" என்கிறது. எஸ்எம்பிஎஸ் கொடுத்துவிட்டு, வோல்டேஜ் எல்லாம் சரியாக இருந்தால் "சரி" என்று ஒரு சமிக்ஞை அனுப்புகிறது. அதற்குப் பிறகுதான் பிராசஸர் விழிக்கிறது. பலகையில் இருக்கும் பயாஸ் என்கிற சிறிய நிரலைப் படித்து வரிசையாகப் பரிசோதிக்கிறது: நான் இருக்கிறேனா, ராம் இருக்கிறதா, படம் காட்டும் பாகம் இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா. இதற்குத்தான் பவர் ஆன் செல்ஃப் டெஸ்ட் என்று பெயர். எல்லாம் தேறினால் விண்டோஸிடமோ லினக்ஸிடமோ பொறுப்பை ஒப்படைக்கிறது.

ஆகவே "கிளம்பவில்லை" என்பது மூன்று வேறு புகார்கள். ஒன்று, எந்த அசைவும் இல்லை. இரண்டு, ஃபேன் சுற்றுகிறது, திரை கருப்பு. மூன்று, திரையில் எழுத்து வருகிறது, விண்டோஸ் வரவில்லை. எனக்கு போன் செய்கிறவர்கள் இந்த மூன்றில் எது என்று சொல்லிவிட்டால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

கை வைப்பதற்கு முன்

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பிடுங்கிய பிறகு முன்பக்கப் பட்டனை ஐந்தாறு நொடி அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். நம் உடம்பில் சேரும் நிலைமின்சாரம் சின்னச் சில்லுகளைக் கெடுக்கக் கூடும்.

இரண்டாவது, எஸ்எம்பிஎஸ் பெட்டியை யாரும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். அது கெட்டால் மாற்ற வேண்டும், வீட்டில் பிரித்துப் பார்க்கக் கூடாது. இதில் மட்டும் எனக்குச் சமரசம் கிடையாது.

மூன்றாவது நம் வளாகத்துக்கே உரியது. கேபினெட்டைத் தொட்டால் விரலில் "சுர்" என்று ஏறுகிறதா? அந்த பிளக் பாயின்ட்டுக்கு எர்த் சரியாக வரவில்லை என்று அர்த்தம். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகியிருந்தாலும் இப்படித்தான் இருக்கும். பழகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். சங்க அலுவலகத்தில் சொல்லி எலக்ட்ரீஷியனை வரவழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இது கம்ப்யூட்டர் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை.

புகார் ஒன்று: எந்த அசைவும் இல்லை

பிளக் பாயின்ட்டில் மின்சாரம் வருகிறதா? அதே பாயின்ட்டில் போன் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். சிரிக்காதீர்கள். டி பிளாக்கில் நான் செய்த மொத்த ரிப்பேரும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் சுவிட்சைப் போட்டதுதான்.

எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்கச் சுவிட்ச்: கோடு போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் ஆன், வட்டம் போட்ட பக்கம் என்றால் ஆஃப். பவர் கார்டு அதன் குழியில் கடைசி வரை போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து மதர்போர்டின் ஓரத்தில் செருகும் 24 பின் கேபிள். பாதி போனாலே உள்ளே போய்விட்டது போலத் தோன்றும். கொக்கி "க்ளிக்" என்று மாட்டும் வரை அழுத்த வேண்டும்.

இவை சரி என்றால், முன்பக்கப் பட்டனிலிருந்து வரும் மெல்லிய ஒயர். மதர்போர்டின் கீழ் மூலையில் ஊசி ஊசியாக நிற்கும் பின்களில் எந்த இரண்டில் அதை மாட்ட வேண்டும் என்று கையேட்டில் படம் இருக்கும். பவர் சுவிட்ச் ஒயருக்குப் பிளஸ், மைனஸ் பார்க்க வேண்டாம், எப்படி மாட்டினாலும் வேலை செய்யும். விளக்குகளுக்குத்தான் திசை உண்டு. பட்டனே கெட்டிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் ஒரு எளிய வழி: ரீசெட் பட்டனின் ஒயரை எடுத்து பவர் பட்டனின் இடத்தில் மாட்டி, ரீசெட்டை அழுத்துங்கள். இரண்டும் ஒரே வகைப் பட்டன்தான். கிளம்பினால் பவர் பட்டன்தான் குற்றவாளி.

அரை நொடி ஃபேன் துள்ளிவிட்டு உடனே அடங்குகிறதா? எங்கோ ஷார்ட் ஆகிறது, எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்கிறது என்று சந்தேகப்படுங்கள். உள்ளே உதிர்ந்து கிடக்கும் திருகு இருக்கிறதா என்று தேடுங்கள். மதர்போர்டு கேபினெட்டின் தகட்டைத் தொடாமல் இருக்கப் பித்தளைக் குமிழ்கள் மேல் உட்காருகிறது. பலகையில் துளை இல்லாத இடத்தில் ஒரு குமிழ் நின்றால், அது பலகையின் அடியில் இடித்து ஷார்ட் செய்யும்.

புகார் இரண்டு: ஃபேன் சுற்றுகிறது, திரை கருப்பு

அதிகம் வருவது இதுதான். அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான்.

முதலில் மானிட்டர் கேபிள். கிராபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் கேபிளைக் கார்டில் மாட்ட வேண்டும், மதர்போர்டில் இல்லை. இன்டெல் பிராசஸரின் எண்ணுக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருந்தால், உதாரணமாக 12400எஃப், அதற்குள் படம் காட்டும் பகுதியே கிடையாது. ரைசன் 5600 போன்றவற்றிலும் கிடையாது, அந்த வரிசையில் ஜி என்ற எழுத்தோடு வருவதில்தான் உண்டு. அப்படிப்பட்ட பிராசஸரோடு மதர்போர்டில் கேபிளை மாட்டினால் விடிய விடியக் காத்திருந்தாலும் படம் வராது.

இரண்டாவது, பிராசஸருக்குத் தனியாக ஒரு மின் இணைப்பு உண்டு. மதர்போர்டின் மேல் மூலையில், பிராசஸருக்குப் பக்கத்தில் 8 பின். கேபினெட்டின் இடுக்கில் ஒளிந்திருப்பதால் பலர் இதை விட்டுவிடுவார்கள். கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின்னும் பார்க்க இதே போல இருக்கும், ஆனால் பிளஸும் மைனஸும் நேர் எதிர். துளைகளின் வடிவம் வேறு என்பதால் தவறானது சுலபத்தில் போகாது. போகவில்லை என்றால் அது கேபிள் சொல்லும் எச்சரிக்கை, பலம் கொண்டு அழுத்தாதீர்கள். கிராபிக்ஸ் கார்டுக்கும் தனி இணைப்பு இருந்தால் அதையும் மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

மூன்றாவது, பொறுமை. இன்றைய டிடிஆர்5 ராமை மதர்போர்டு முதல் தடவை பார்க்கும்போது அதோடு பழகிக்கொள்ள நேரம் எடுக்கும். சில பலகைகளில் பல நிமிடங்கள் திரை கருப்பாகவே இருக்கும், நடுவில் தானே அணைந்து எழவும் செய்யும். கெட்டுவிட்டது என்று பிளக்கைப் பிடுங்கினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். பட்டனை அழுத்திவிட்டுப் போய் ஒரு காபி போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள். பத்து, பதினைந்து நிமிடம் கொடுக்கலாம்.

அதற்குப் பிறகும் கருப்பு என்றால் மதர்போர்டைக் கேளுங்கள், அதுவே சொல்லும். இப்போது வரும் பல பலகைகளில் ஓரமாக நான்கு சின்ன விளக்குகள் உண்டு: பிராசஸர், ராம், கிராபிக்ஸ், பூட். பரிசோதனை எங்கே நின்றதோ அந்த விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். விளக்கு இல்லாத பலகையில் சின்ன ஸ்பீக்கர் மாட்டினால் "பீப்" சத்தத்தின் எண்ணிக்கையை வைத்துக் கண்டுபிடிக்கலாம், கணக்கு கையேட்டில் இருக்கும்.

இப்போது அந்தப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். அவள் பலகையில் ராம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு ராம் குச்சிகளும் சரியான துளைகளில்தான் இருந்தன. நான்கு துளை உள்ள பலகையில் இரண்டு குச்சி போட்டால், பொதுவாகப் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். அதையெல்லாம் படித்துத்தான் செய்திருந்தாள். ஆனால் ஒரு குச்சியின் ஒரு முனை ஒரு மில்லிமீட்டர் மேலே நின்றது. ஏன் தெரியுமா? அழுத்தினால் பலகை வளைகிறது, உடைந்துவிடுமோ என்று பயந்து மெதுவாக வைத்திருக்கிறாள். ஜாக்கிரதையாக இருந்ததுதான் அவள் செய்த ஒரே தப்பு. அவளையே அழுத்தச் சொன்னேன். கை நடுங்கியது. "இன்னும், இன்னும்" என்றேன். "க்ளிக்" என்றது. அடுத்த தடவை பட்டனை அழுத்தி ஐந்தாறு நிமிடத்தில் திரையில் எழுத்து வந்தது. அப்பா போய் அவராகவே எல்லாருக்கும் காபி கொண்டுவந்தார்.

ராமில் சந்தேகம் என்றால் ஒரே ஒரு குச்சியைப் போட்டுப் பாருங்கள். வரவில்லையா, அதே துளையில் மற்றதை. இப்படி மாற்றி மாற்றிப் பார்த்தால் குச்சி கெட்டதா, துளை கெட்டதா என்பது தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டுக் கிளம்பினால், எதனால் கிளம்பியது என்றே தெரியாது, நாளைக்கு மறுபடி படுத்தால் மறுபடி முதலிலிருந்து.

அடுத்து, பயாஸ் அமைப்பைத் துடைத்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோவது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பப் போடுங்கள். கையேட்டில் இதற்கென்று இரண்டு பின்களும் காட்டியிருப்பார்கள்.

இன்னொரு காரணம், பாகங்கள் எல்லாம் நன்றாக இருந்தும் பயாஸ் பழையதாக இருப்பது. பிராசஸர் சந்தைக்கு வருவதற்கு முன்பே தயாரான பலகைக்கு அந்தப் பிராசஸரை அடையாளம் தெரியாது. பி450 பலகையில் ரைசன் 5000 வரிசையைப் போட்டாலோ, 600 வரிசை இன்டெல் பலகையில் 13-வது தலைமுறைப் பிராசஸரைப் போட்டாலோ பயாஸைப் புதுப்பிக்க வேண்டி வரலாம். சில பலகைகளில் பிராசஸர் வேலை செய்யாமலேயே பென் டிரைவை வைத்துப் புதுப்பிக்க ஒரு பட்டன் இருக்கும். இல்லை என்றால் வாங்கிய கடையிலேயே செய்து தரச் சொல்லலாம். வாங்கும் முன்பே, "இந்தப் பலகைக்கு இந்தப் பிராசஸர் எந்த பயாஸிலிருந்து ஓடும்?" என்று கேட்டுவிடுங்கள். தயாரிப்பாளரின் இணையதளத்தில் பட்டியல் இருக்கும்.

எதற்கும் மசியவில்லையா? எல்லாவற்றையும் கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்து, மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் பலகையை வையுங்கள். பிராசஸர், அதன் கூலர், ஒரு ராம் குச்சி, எஸ்எம்பிஎஸ், தேவையானால் மட்டும் கிராபிக்ஸ் கார்டு. டிஸ்க் வேண்டாம், கேபினெட் வேண்டாம், அலங்கார விளக்கு வேண்டாம். இதில் படம் வந்தால் குற்றம் நீங்கள் வெளியே விட்டவற்றில் இருக்கிறது. ஒவ்வொன்றாகச் சேர்த்து வாருங்கள், எதைச் சேர்த்ததும் படுக்கிறதோ அதுதான்.

கடைசியாகத்தான் பிராசஸரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இன்டெல்லிலும் புதிய ரைசன்களிலும் முடி போன்ற பின்கள் மதர்போர்டில் இருக்கும், பழைய ஏஎம்4 ரைசன்களில் பிராசஸரின் அடியில் இருக்கும். வளைந்த பின் ஒன்று போதும், ஆட்டம் காட்ட. விரலால் தொடாமல், மொபைல் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்.

புகார் மூன்று: எழுத்து வருகிறது, விண்டோஸ் வரவில்லை

இது நல்ல செய்தி. பிராசஸர், ராம், கிராபிக்ஸ் எல்லாம் பரிசோதனையில் தேறிவிட்டன. பிராசஸர் ஃபேன் பிழை என்று வந்தால் கூலரின் ஒயர் அதற்குரிய பின்னில் இல்லை என்று பொருள். இதை அலட்சியம் செய்து ஓட்டாதீர்கள். கூலரின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். பூட் செய்ய டிஸ்க் இல்லை என்று வந்தால், புதிய கம்ப்யூட்டருக்கு அது கோளாறே இல்லை. இன்னும் விண்டோஸ் போடவில்லை, அதைத்தான் சொல்கிறது. பயாஸில் டிஸ்க்கின் பெயரே தெரியவில்லை என்றால் மட்டும் அதைக் கழற்றி மாட்டிப் பாருங்கள்.

பல வருடம் ஓடிய கம்ப்யூட்டர் ஒரு நாள் திடீரென்று படுத்தால் இதே வரிசைதான், இரண்டு வேலை கூடுதல். ஒன்று, தூசி தட்டுவது. இரண்டு, ராம் குச்சியைக் கழற்றி அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு மாட்டுவது. நம் ஊர்க் கடற்காற்றில் அந்தப் பற்களில் படலம் படியும். தேதியும் நேரமும் ஒவ்வொரு தடவையும் பின்னால் போனால் பேட்டரி முடிந்தது, அதை மாற்றினால் போதும்.

நான் செய்த தப்பு

இதுவரை மற்றவர்கள் தப்பைச் சொன்னேன். என்னுடையதையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் என் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. புதிது வாங்கினேன். இரண்டுமே கேபிளைக் கழற்றி மாட்டும் வகை. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் பழைய கேபிள் கேபினெட்டுக்குள் அழகாகக் கட்டியிருந்தது. அதைப் பிரிக்கச் சோம்பல்பட்டு, பழைய கேபிளையே புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் செருகினேன். கச்சிதமாகப் பொருந்தியது. சுவிட்சைப் போட்டேன். ஒரு சின்னச் சத்தம், கருகல் வாசனை.

டிஸ்க் பக்கத்து முனைக்குத்தான் பொதுத் தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தத் துளையில் எத்தனை வோல்ட் என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்கூட மாறலாம். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் என் டிஸ்க்குக்கு 12 வோல்ட் போயிருக்கிறது. அந்த டிஸ்க்கில் அப்பாவின் சதாபிஷேகப் படங்கள் இருந்தன. வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. அடுத்த வருடம் அப்பா தவறிவிட்டார். இன்று எங்களிடம் இருப்பது சொந்தக்காரர்களின் மொபைல்களிலிருந்து தேடி எடுத்த பதினோரு படங்கள்தான்.

அதனால் இரண்டு வேண்டுகோள். எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கேபிளைத் தவிர வேறு கேபிளை அதில் செருகாதீர்கள், எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் சரி. இரண்டாவது, பழைய கம்ப்யூட்டரை நோண்டுவதற்கு முன் டிஸ்க்கைக் கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள். எழுபதாயிரம் போனால் திரும்பச் சம்பாதிக்கலாம்.

கேள்வி நேரத்திலிருந்து

"பாகம் நிஜமாகவே கெட்டிருந்தால்?" என்று ஒருவர் கேட்டார். பில், பெட்டி, மதர்போர்டின் பிராசஸர் குழியை மூடி வந்த பிளாஸ்டிக் மூடி, மூன்றையும் பத்திரமாக வையுங்கள். மூடி இல்லாமல் பலகையை அனுப்பினால் வாரன்ட்டி கிடைப்பது சிரமமாகலாம். பெட்டியோடு வாங்கிய இன்டெல், ஏஎம்டி பிராசஸர்களுக்குப் பொதுவாக மூன்று வருட வாரன்ட்டி உண்டு. நியாயமான புகாரைக் கடைக்காரர் காதில் வாங்கவே இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

"கரன்ட் போய் ஜெனரேட்டர் வருவதற்குள் கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறது, கெடுமா?" ஒரு தடவையில் கெடாது, ஆனால் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாழாகலாம். பயாஸ் புதுப்பிக்கும்போது அணைந்தால் பலகையே கிளம்பாமல் போகலாம். சின்ன யுபிஎஸ் ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. புதிய எஸ்எம்பிஎஸ்களில் பல, சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டரோடு ஒத்துப்போகாது. சைன் அலை தருவதாகக் கேட்டு வாங்குங்கள்.

"எனக்கு இதெல்லாம் ஒன்றும் புரியவில்லை. பையன் கோத்து, கிளம்பவில்லை என்றால் நான் என்ன செய்வது?" என்று ஒரு அம்மா கேட்டார். அன்றைய நல்ல கேள்வி அதுதான். "எந்த விளக்குப்பா எரியுது?" என்று கேளுங்கள், போதும். "அப்பவே சொன்னேனே" என்பதை மட்டும் அன்று ராத்திரி சொல்லாதீர்கள். பயந்த கை ராமை அழுத்தாது. மணி பத்தைத் தாண்டிவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூங்கச் சொல்லுங்கள். காலையில் பார்த்தால் கேபிள் கண்ணில் படும்.

ஒரு யோசனையோடு முடிக்கிறேன். கெட்டது எது என்று கண்டுபிடிக்க, நன்றாக ஓடும் பாகம் ஒன்று கையில் வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் அது இருக்காது, ஆனால் வளாகத்துக்கு ஒன்று இருக்கலாம். சங்க அலுவலக அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கிக் கொடுங்கள். அதன் கேபிள்களோடேயே கட்டிய ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ், ஒரு பவர் கார்டு, ஒரு ஹெச்டிஎம்ஐ கேபிள், காந்த முனை ஸ்க்ரூ டிரைவர், இரண்டு சிஆர்2032 பேட்டரி. எஸ்எம்பிஎஸ்ஸை நான் தருகிறேன். ஏ பிளாக் பெண் ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டு தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அடுத்த தடவை யார் வீட்டிலாவது கிளம்பவில்லை என்றால் என்னோடு அவளும் வருவாள். என்னைவிட அவள் பொறுமையாகப் பார்க்கிறாள்.



(பின்குறிப்பு: செயற்குழு இந்த யோசனையை ஏற்று, அலுவலகத்தில் ஒரு தட்டை ஒதுக்கியிருக்கிறது. பொருள்களை எடுப்பவர்கள் பதிவேட்டில் எழுதிவிட்டு எடுத்து, மூன்று நாளுக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.)